இடது பக்கம் ஓடும் பொய்மீன்கள்

ஆர்டித் லெட்பெட்டர் எங்கள் கண்டர்ஸ்வில் ஏரித் தூண்டில் சங்கத்தில் பதினோரு வருடமாகப் படகின் பின்பக்கத்தில் நின்றே மீன் பிடித்தவள். படகு வைத்திருப்பவர்கள் முன்பக்கத்தில் நிற்பார்கள். மின்மோட்டாரை ஓட்டும் மிதிகட்டை அவர்கள் காலடியில் இருக்கும். எந்தக் கரையை ஒட்டுவது, எவ்வளவு மெதுவாகப் போவது, எங்கே நிற்பது என்பதெல்லாம் அந்தக் கால் முடிவு செய்வதுதான். படகு இல்லாதவர்களுக்குப் பின்பக்கம். போட்டிக்கு முந்தின நாள் மாலை தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் சீட்டுக் குலுக்கி யாரோடு யார் என்று முடிவு செய்வோம். கணவனும் மனைவியும் ஒரே படகில் போகக் கூடாது என்பது சங்கத்தின் பழைய விதி. அதை எழுதியவர்கள் எல்லாருமே கல்யாணமானவர்கள்.

பின்பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது எச்சில் தண்ணீர். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் ஒவ்வொரு மரத்துறைக்கும், ஒவ்வொரு விழுந்த மரத்துக்கும் முன்னால் நிற்பவர் முதலில் வீசிவிடுவார். அவர் வீசி முடித்து, படகு நகர்ந்து, அந்த இடம் தாண்டிப் போகும்போதுதான் பின்னால் இருப்பவருக்கு முறை வரும். படகுக்கு முன்னால் இருக்கிற தண்ணீரில் பின்னால் இருப்பவர் வீசக் கூடாது. இது எழுதிய விதி இல்லை, ஆனால் அதை மீறியவனை அடுத்த வருடம் யாரும் பேச்சுக்குக்கூட அழைக்க மாட்டார்கள். முன்னால் இருப்பவருக்கு மீன் மாட்டினால் வலையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். வாழைப்பழம் படகுக்கு ஆகாது என்பார்கள், கொண்டுவரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படகை அங்கே கொண்டுபோ, இங்கே திருப்பு என்று வாயைத் திறக்கவே கூடாது.

ஆர்டித் வாயைத் திறந்ததே இல்லை. நான் சங்கத்தின் தராசுக்காரன். போட்டி முடிந்ததும் எல்லாரும் மீன் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். முன்பக்கக்காரர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எவ்வளவோ புகார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆர்டித்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை என்பார்கள். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்கள். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவள் வேலை பள்ளிக்கூடத்துச் சமையலறையில். காலையில் பிஸ்கட் என்று நாங்கள் சொல்கிற மெத்து ரொட்டியும் மாவுக் குழம்பும், மதியம் பச்சை பீன்ஸும் கோழியும். அங்கே பெரிய பெரிய தகர டப்பாக்களில் பீன்ஸ் வரும். காலி டப்பா ஒன்றைச் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசியில் வைத்துவிட்டு, பிள்ளைகள் போன பிறகு, தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு ஈயக் குண்டைக் கட்டி அதற்குள் விழும்படி வீசிப் பழகினாள். கூரை தாழ்வானதால் கோலைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. இடுப்புக்குக் கீழிருந்து பக்கவாட்டில் சுழற்றித்தான் வீச வேண்டும். பின்னாளில் அதுவே அவள் வீச்சாகிவிட்டது. மரத்துறைகளின் ஓரமாக, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பறந்து போகிற வீச்சு.

முதல் கோலை வாங்கித் தந்தவன் அவள் கணவன் ஹாய்ட். எரிவாயு லாரி ஓட்டுகிறான், என்னோடு பள்ளியில் படித்தவன். வெளிர் சிவப்பு நிறக் கைப்பிடி, நரம்பைச் சுற்றும் ரீல் கோலுக்குக் கீழே தொங்குகிற வகை, சிக்கல் விழாது, சுலபம். அவன் எப்போதும் அடுத்தவருக்குச் சுலபமானதைத்தான் தேடுவான். ஒரு வருடம் அதை வைத்திருந்துவிட்டு ஆர்டித் அதைத் தங்கைக்குக் கொடுத்தாள். கோலுக்கு மேலே உட்கார்ந்து கட்டைவிரலால் அடக்குகிற ரீல்தான் தனக்கு வேண்டும் என்று தானே போய் வாங்கினாள். அந்த ரீல் பழகாத விரலைப் பழிவாங்கும். இரையாகக் கட்டிய பொய்மீன் தண்ணீரைத் தொடும் நேரத்தில் விரல் அழுத்தாவிட்டால் உருளை நிற்காமல் சுழன்று நரம்பெல்லாம் குருவிக்கூடாகிவிடும். முதல் கோடை முழுவதும் அவள் குருவிக்கூடு பிரித்தாள்.

அதிலும் மெதுவான ரீலாகப் பார்த்து வாங்கினாள். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளை ஐந்து முறை சுற்றுவது. கடையில் எல்லாரும் ஏழு, எட்டு என்று கேட்டு வாங்கும் காலம் அது. ஹாய்ட்டும் வேகமானதையே சொன்னான். அவள் சொன்ன காரணம் சின்னது: முன்னால் ஒருவர் வேகமாக இழுத்துக் காட்டிவிட்டுப் போன மீனுக்கு நான் மெதுவாகக் காட்டினால்தானே வித்தியாசம். கோலும் அப்படியே. கண்ணாடி இழைக் கோல், தொட்டால் வளைவது. விறைப்பான கோலில் மீன் வாயில் வைத்த உடனே கை வெடுக்கென்று இழுத்துவிடும், முள் மாட்டாது. இது வளைந்து கொடுத்து, மீன் முழுசாக வாயை மூடும்வரை பொறுக்கும். நீளம் ஆறரை அடிக்கு மேல் வேண்டாம் என்றாள். பின்பக்கத்தில் நிற்பவளுக்கு ஒரு பக்கம் பெரிய இயந்திரம், இன்னொரு பக்கம் ஸ்டீயரிங். நீளக் கோல் எதிலாவது தட்டும்.

இனி பொய்மீன். மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிய விரல் நீள மீன் அது. வாய்க்குக் கீழே சதுரமாக ஒரு பட்டை துருத்திக்கொண்டிருக்கும். இழுக்கும்போது பட்டை தண்ணீரை வெட்டி மீனை ஆட்டி ஆட்டிக் கொண்டுவரும். மூக்கில் ஒரு கம்பி வளையம், அதில்தான் நரம்பைக் கட்டுவோம். வளையம் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் பொய்மீன் அந்தப் பக்கமாகவே ஓடும். நேராக ஓடாத பொய்மீனைக் குறட்டால் பிடித்து வளையத்தை எதிர்ப்பக்கம் லேசாகத் தள்ளி நேராக்குவது எங்கள் ஏரியில் எல்லாரும் செய்கிற வேலை. ஹாய்ட் அதில் கெட்டிக்காரன். கெட்டிக்காரன் என்பதைவிட, சும்மா இருக்க மாட்டாதவன். தேவாலயத்தில் பாட்டு எண் பலகை சாய்ந்திருந்தால் பிரசங்கத்துக்கு நடுவே எழுந்து போய் நிமிர்த்துவான். விருந்துக்குப் போன வீட்டில் சுவரில் படம் கோணியிருந்தால் சாப்பாடு இறங்காது. சங்கத்தில் பாதிப் பேருடைய பொய்மீன்களை அவர்கள் கேட்காமலே நேராக்கிக் கொடுத்திருக்கிறான். கேட்காமலே செய்கிறான் என்று ஒருவருக்கும் கோபம் வந்ததில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் வராது.

ஒரு வசந்த காலத்தில் ஆர்டித்தின் பொய்மீன் ஒன்று துறைத் தூணில் மோதியது. அடுத்த வீச்சில் அது நேரே வராமல் இடது பக்கமாக ஒதுங்கி, துறையின் பலகைகளுக்குக் கீழே புகுந்தது. நிழலுக்குள்ளே, எந்தக் கோலாலும் வீச முடியாத இடத்தில், ஒரு பாஸ் மீன் அதை அடித்தது. எல்லாரும் துறையின் ஓரமாக இழுத்துக்கொண்டு போகிறார்கள். மீன் உள்ளே படுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. அவள் அந்தப் பொய்மீனை நேராக்கவில்லை.

பிறகு அதைப் பற்றியே யோசித்தாள். எங்கள் ஏரியில் படகுக்காரர்கள் பெரும்பாலும் கரையை இடக்கைப் பக்கம் வைத்தே போவார்கள். வலக்கையால் வீசுகிறவனுக்கு அது தோது என்பார்கள், உண்மையில் பழக்கம்தான். படகு ஒரு துறையைத் தாண்டியதும் அது முன்பக்கக்காரருக்கு முடிந்துபோன துறை, ஆர்டித்துக்குத் தொடங்குகிற துறை. கரையைப் பார்த்து நிற்கும் அவளுக்குத் தாண்டிப்போன துறை இடது பக்கம் இருக்கும். அதன் பக்கவாட்டில் வீசி இழுத்தால், இடது பக்கம் ஓடுகிற பொய்மீன் தானாகவே அதன் அடியில் புகும். அண்ணன் வீட்டு மாட்டுக் குளத்தில் ஒரு கோடை முழுவதும் உட்கார்ந்து வளையத்தை எவ்வளவு சாய்ப்பது என்று பார்த்தாள். கொஞ்சம் போதாவிட்டால் ஓரமாகவே வந்தது. கொஞ்சம் கூடினால் புரண்டு மேலே மிதந்தது. ஒவ்வொன்றும் தனியாகக் குணம் காட்டியது. கடைசியில் சரியாக அமைந்தவற்றை ஒரு பழைய வெண்ணெய் டப்பாவில் தனியாகப் போட்டு வைத்தாள்.

ஹாய்ட்டிடம் சொல்லவில்லை. அவன் பெருமையடிக்கிறவன் இல்லை, வம்பு பேசுகிறவனும் இல்லை. நல்ல விஷயம் ஒன்று தெரிந்தால் அதை யாருக்காவது கொடுக்காமல் இருக்க அவனால் முடியாது, அவ்வளவுதான்.

அந்த வருடம் அவள் மீன்கள் தராசில் கனக்கத் தொடங்கின. அக்டோபர் வந்தபோது பின்பக்கக்காரர்களின் பட்டியலில் அவளும் முடிதிருத்தும் ராய்ஸும் சமமாக நின்றார்கள். கடைசிப் போட்டியில் இருவரில் யாருடைய மீன் அதிக எடையோ, அவர் யூஃபாலா ஏரியில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு எங்கள் சங்கத்தின் சார்பில் போவார். ராய்ஸ் ஏற்கெனவே இரண்டு முறை போனவன். ஆர்டித் போனதில்லை. அந்தப் போட்டிக்கு முந்தின நாள் தீயணைப்பு நிலையத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது இதற்கு ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறாய் என்று அவளைக் கேட்டேன். கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இந்த ஏரியில் அவள் வீசிய தண்ணீர் எல்லாம் யாரோ கொண்டுபோய்க் காட்டிய தண்ணீர், அறிமுகம் செய்யும்போதெல்லாம் ஹாய்ட்டின் மனைவி. யாருடைய மனைவி என்று யாருக்கும் தெரியாத தண்ணீரில் ஒரு நாள் நிற்க வேண்டும்.

அன்று மாலை சீட்டுக் குலுக்கலில் அவளுக்கு டெல்மஸ் கிராக்கர் வந்தார். கோழிப் பண்ணை வைத்திருப்பவர், பேச்சு குறைவு, வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. கரையை இடக்கைப் பக்கம் வைத்து, டட்டன் ஓடை வாயிலுள்ள மரத்துறைகளை ஒன்று விடாமல் வீசிக்கொண்டு போவதுதான் அவர் முறை. ஆர்டித்துக்கு இதைவிட நல்ல சீட்டு இருக்க முடியாது.

அவள் வீட்டுக்குப் போய்ச் சீக்கிரம் படுத்துவிட்டாள். ஹாய்ட் மனைவியின் பெரிய நாளுக்குத் தன்னால் ஆனதைச் செய்ய நினைத்தான். அவள் ரீல்களைத் துடைத்து எண்ணெய் விட்டான். முட்களைத் தீட்டினான். பிறகு அந்த வெண்ணெய் டப்பாவைத் திறந்தான். உள்ளே இருந்த பொய்மீன் ஒவ்வொன்றின் வளையமும் ஒரே பக்கமாகக் கோணியிருந்தது. கெட்டுப்போனவற்றை அவள் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறாள் என்று அவன் முடிவு செய்ததில் என்ன தப்பு? எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நினைத்ததோடு விட்டிருப்பார்கள். ஹாய்ட் கையில் குறடு எடுத்தான். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, அவை நூல் பிடித்தாற்போல் வரும்வரை விடவில்லை.

காலையில் படகுத்துறையில் அவளை டெல்மஸின் படகில் ஏற்றிவிடும்போது சிரித்துக்கொண்டே, "இன்னைக்கு உன் பெட்டியில ஒரு குறையும் இருக்காது, கண்ணு" என்றான். முட்களைத் தீட்டியதைச் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள்.

டட்டன் ஓடையில் முதல் துறையைப் படகு தாண்டியதும் ஆர்டித் வீசினாள். வீச்சில் குறை இல்லை. பொய்மீன் துறையின் ஓரமாக, சாப்பாட்டு வரிசையில் நிற்கிற நல்ல பிள்ளை மாதிரி நேராக வந்து படகைத் தொட்டது. இரண்டாவது துறையிலும் அப்படியே. அதை எடுத்துக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். வளையத்தில் குறட்டின் பல் பட்ட தடம் புதிதாக மின்னியது. வெண்ணெய் டப்பாவைத் திறந்து மற்றவற்றையும் பார்த்தாள்.

"ஹாய்ட்" என்றாள். திட்டாகவும் இல்லை, கூப்பிடுவதாகவும் இல்லை, வெறும் பெயர்.

டெல்மஸ் திரும்பாமலே, "வீட்டுக்காரர விட்டுட்டு வந்த எடத்துலயும் அவரு பேருதானா?" என்று கேட்டார்.

அவள் டப்பாவை மூடினாள். அந்த வரிசையின் கடைசித் துறைவரை நேராக ஓடுகிற பொய்மீனையே வீசிப் பார்த்தாள். ஒன்றும் தொடவில்லை. டெல்மஸுக்கும் அன்று காலையிலிருந்து ஒரு மீன் இல்லை. எங்கோ ராய்ஸ் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும், அவன் வெறும் கையோடு வருகிறவன் இல்லை. கடைசியில் அவள் குறடு கேட்டாள். கேட்பதே அவளுக்குக் கஷ்டம். அவர் கண் முன்னால் வளையத்தை வளைத்தால் அவ்வளவு நாள் காத்த விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் சும்மா இருந்தால் காப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

முதல் பொய்மீனின் வளையத்தை இடது பக்கம் சாய்த்தாள். டிக் என்று ஒடிந்தது. இரண்டாவதும் அப்படியே.

"ஒடிக்கிறதுக்கா என் கொறட்டக் கேட்டீங்க, மிஸ் ஆர்டித்?" என்றார் டெல்மஸ்.

அவள் பின்பலகையில் உட்கார்ந்து ஒடிந்த முனைகளைப் பார்த்தாள். முதலில் அவள் கை இந்தக் கம்பியை இடது பக்கம் வளைத்தது. நேற்று ஹாய்ட்டின் கை வலது பக்கம் தள்ளி நேராக்கியது. இப்போது மறுபடி இடது பக்கம் திருப்பினால் களைத்த கம்பி தாங்கவில்லை. தகர டப்பாவின் மூடியை இங்கும் அங்கும் ஆட்டி ஒடிக்கிறவளுக்கு அது புரியாமல் போகாது. ஆனால் ஹாய்ட் தள்ளிய திசையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளினால்? கம்பி திரும்ப வேண்டியதில்லை, போன வழியிலேயே போகிறது. டப்பாவில் உருப்படியாக மிஞ்சியது பச்சை வயிறும் கறுப்பு முதுகுமாக ஒன்றுதான். மற்றவற்றில் வளையத்தின் வேரே ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றை மெல்ல வலது பக்கம் சாய்த்தாள். ஒடியவில்லை. படகுக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தாள். அது வலது பக்கமாக, ஒழுங்காக, புரளாமல் ஓடியது.

வலது பக்கம் ஓடுகிற பொய்மீனால் அவளுக்கு இப்போது பயன் இல்லை. தாண்டிய துறைகள் எல்லாம் இடது பக்கம். வலது பக்கம் இருப்பது இனி வரப்போகிற துறை, அது டெல்மஸின் தண்ணீர். படகு திரும்பி, வந்த வழியே, கரையை வலக்கைப் பக்கம் வைத்துப் போனால்தான் தாண்டிப்போன துறை அவளுக்கு வலது பக்கம் வரும்.

எழுந்து நின்றாள்.

"டெல்மஸ், படகத் திருப்பணும்."

"எங்க?"

"வந்த வழியே. இதே தொறைங்கதான்."

அவர் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு முதல் முறையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். "அந்தத் தொறைங்கள நான் இப்பத்தான் வீசிட்டு வந்தேன்."

"நீங்க ஓரமா வீசுனீங்க. மீன் உள்ள கெடக்கு."

"என் படகத் திருப்பச் சொன்ன ஆளு இதுவரைக்கும் யாருமில்ல."

"தெரியும். நானும் யாரையும் சொன்னதில்ல."

அவர் விதைத் தோலைத் தண்ணீரில் துப்பினார். கொஞ்ச நேரம் படகு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு மிதிகட்டையை அழுத்தி முழு வட்டமாகத் திருப்பினார். ஏன் திருப்பினீர்கள் என்று பின்பு நான் கேட்டேன். "கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்" என்றார். "அந்தம்மா கேக்கல, சொல்லிச்சு."

திரும்பி வருகையில் டெல்மஸ் கோலை எடுக்கவில்லை. தான் வீசிய தண்ணீரில் தானே மறுபடி வீச அவருக்கு மனமில்லை, அல்லது வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. முதல் துறையைத் தாண்டியதும் ஆர்டித் பக்கவாட்டில் தாழ்வாக வீசினாள். பொய்மீன் இரண்டு கெஜம் நேராக வந்து, பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு போகிறாற்போல் துறைக்கு அடியில் போனது. ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது துறையில் ஒரு தட்டைப் படகு கட்டியிருந்தது, நிழல் அகலம். உள்ளே போன நரம்பு கனத்தது. அவள் இழுக்கவில்லை, கோல் வளையும்வரை விட்டாள். பிறகு கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, தூண்களுக்கு நடுவே வழி பார்த்து, மீனை வெளியே நடத்தி வந்தாள். வலை பின்னால் இல்லை, வழக்கப்படி முன்பக்கத்தில் இருந்தது. அவள் கேட்பதற்கு முன் டெல்மஸ் அதை எடுத்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டார்.

இரண்டாவது மீன் அதைவிடச் சின்னது. அதை விடுவிக்கும்போதுதான் டெல்மஸ் வளையத்தைக் கவனித்தார். வேரில் ஆட்டம் கண்டிருந்தது. இன்னும் ஒரு மீன் தாங்கலாம், தாங்காமலும் போகலாம் என்றார். பின்பக்கக்காரர்களுக்குத் தராசில் மூன்று மீன் அனுமதி. ஆர்டித் கொஞ்ச நேரம் பொய்மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போதும் என்று நிறுத்தினால் இரண்டு மீன் நிச்சயம். ராய்ஸ் மூன்று கொண்டுவந்தால் இரண்டு போதாது.

வரிசையின் கடைசியில், அவர்கள் அன்று முதலில் தாண்டிய துறையில், அவள் மறுபடி வீசினாள். இந்தத் தடவை அடி கனமாக விழுந்தது. மீன் உள்ளே தூணைச் சுற்றப் பார்த்தது. விறைப்பான கோலாக இருந்தால் அங்கேயே வளையம் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். அவள் கோல் இழுத்த பக்கமெல்லாம் போய்க்கொடுத்தது. டெல்மஸ் முழங்காலிட்டுக் குனிந்து வலையை நீட்டி மீனை அள்ளினார். முள்ளை எடுக்கும்போது வளையம் மரத்திலிருந்து கழன்று அவர் விரலோடு வந்தது. அதை அவர் ஆர்டித்தின் உள்ளங்கையில் வைத்தார்.

தராசுக்கு ராய்ஸ் முதலில் வந்தான். மூன்று மீன், ஒரே அளவு, அழகானவை. எடையைச் சொன்னதும் கைதட்டினார்கள். அவன் கட்டைச் சுவரில் சாய்ந்து ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றான், யூஃபாலாவில் எந்த விடுதி நல்லது என்று அவனுக்குத் தெரியும். ஆர்டித் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். டெல்மஸ் தூக்கித் தருகிறேன் என்றும் அவள் கொடுக்கவில்லை. மீன்களைத் தட்டில் போட்டேன். அவை துடிக்கும்போது தராசு முள் ஆடும், ஓயும்வரை நான் எண்ணைச் சொல்ல மாட்டேன், எவ்வளவு கத்தினாலும். ஓய்ந்தது. ராய்ஸுடையதைவிட, கோழித் துண்டு வைத்த ஒரு பிஸ்கட்டின் எடை அதிகம்.

நான் எண்ணைச் சொன்னதும் ஹாய்ட் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. எல்லாருக்கும் கேட்கும்படி, "நேரா ஓடுச்சில்ல? ஒவ்வொண்ணும் நேரா ஓடுச்சில்ல?" என்று கேட்டான்.

டெல்மஸ் வாயைத் திறந்தார். ஆர்டித் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு படகை இழுத்துக் கட்டப் போய்விட்டார். ஹாய்ட்டின் தொப்பியைச் சரிசெய்வது போல அவன் காதருகே குனிந்து, வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றாள்.

வண்டியிலேயே சொல்லிவிட்டாள். மறுநாள் ஹாய்ட் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தானாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டிருக்கிறான்.

"சொல்லியிருந்தா ரெண்டு நாள்ல ஏரி முழுக்கத் தெரிஞ்சிருக்கும்."

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாள்ல" என்றிருக்கிறான்.

பிறகு மன்னிப்புக் கேட்கத் தொடங்கி அதை முடிக்கத் தெரியாமல் திணறியபோது, அவன் தள்ளிய பக்கம் தள்ளியதால்தான் கடைசிப் பொய்மீன் ஒடியாமல் நின்றது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது ஆறுதலுக்குச் சொன்னதா உண்மையா என்று ஹாய்ட் என்னைக் கேட்டான். இரண்டும்தான் என்றேன்.

யூஃபாலாவுக்கு முந்தின வாரம் நான் அந்த மாட்டுக் குளத்துக்குப் போயிருந்தேன். புதிய பொய்மீன்கள் ஒரு தட்டில் இருந்தன. குறடு ஹாய்ட்டின் கையில். அவள்தான் கொடுத்திருந்தாள். நல்ல கை, வீணாக்க வேண்டாம் என்றாள். ஒவ்வொன்றையும் அவன் வளைத்துக் கொடுப்பான், அவள் குளத்தில் வீசி இழுத்துப் பார்ப்பாள். பாதியை இடது பக்கம், பாதியை வலது பக்கம். தெரியாத படகுக்காரன் எந்தப் பக்கம் கரையை வைப்பானோ. அவன் வளைக்கும்போது பல்லைப் பிடுங்குகிறவன் மாதிரி முகத்தைச் சுளித்தான். நல்ல பொருளைக் கெடுக்கிறோம் என்ற எண்ணத்தை அவன் விரல்களால் விட முடியவில்லை.

"இன்னும் நேராத்தான் வருது, ஹாய்ட்."

"இதுக்கு மேல போனா கோணலாயிடும்."

"கோணலாகணும்."

அவன் இன்னும் ஒரு மயிரிழை தள்ளினான். அவள் வீசினாள். பொய்மீன் மாடுகள் தண்ணீர் குடிக்கிற பக்கமாக ஒதுங்கிக்கொண்டே வந்தது. அவள் அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் யூஃபாலாவுக்கு அவள் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். துணைக்கு வரவா என்று ஹாய்ட் கேட்டான், வேண்டாம் என்றாள். அவன் டயரில் காற்றுப் பார்த்தான், கோல்களைக் கட்டிய பட்டையை இறுக்கினான். பின் இருக்கையில் இருந்த பெட்டியின் மூடிமேல் கை வைத்தவன், அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

ஞாயிறு மாலை திரும்பி வந்தாள். பட்டியலில் நடுவில் ஓர் இடம். ராய்ஸ் போனபோதும் அதே இடம்தான் என்று நான் அவளுக்கு நினைவுபடுத்தினேன். அவளுக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. மொபீல் ஊர்க்காரர் ஒருவரின் படகில் போட்டார்களாம். கரையை எந்தப் பக்கம் வைத்துப் போவீர்கள் என்று ஏறும்போதே கேட்டுவிட்டாளாம். அவர் சொன்னாராம். அதற்கு மேல் நாள் முழுவதும் அவளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நீங்கள் எந்த ஏரிக்காரர்?

"என்ன சொன்ன?" என்றேன்.

"கண்டர்ஸ்வில்லுனு சொன்னேன். அதோட விட்டுட்டாரு" என்றாள் ஆர்டித், கோல்களை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டே.